ஓர் இடம், தற்காலிகமானது

என் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை
என்னையே எழுதச் சொல்லிவிட்டார் ரஞ்சினி மேடம்.
மார்ச்சோடு திட்டப்பணம் முடிகிறது எனக்கு.
"ஒரு பக்கம் போதும் மதுமதி,
மலையாளத்தை ஷிபின் பார்த்துக்குவான்."

கொழிஞ்சாம்பாறை. இரவு பதினொன்று.
கணவாய்க் காற்றில் பனை மட்டைகள்
ஒன்றோடொன்று வழக்காடுகின்றன.
தட்டுகிறேன்:
பணியிடம்: ஒன்று.
இயற்பியலிலோ வேதியியலிலோ முதுகலை.
லினக்ஸ் கட்டாயம். பைத்தான் விரும்பத்தக்கது.
வயது இருபத்தெட்டுக்குள்.

மற்றதை எந்தத் தலைப்பில் போடுவது?

கண்ணாடி விரியன் நஞ்சில் ஒரு புரதம்,
நூற்றிருபத்தோரு மணி கோத்துச் சுருண்ட மாலை.
அதன் நடுவில் ஒரு குழி.
சவ்வைத் தின்னும் வாய் அதுதான்.
வாயடைக்க ஒரு மூலக்கூறு வேண்டும்.
நாலு லட்சத்தைக் கணினியில் கொட்டி
ஒவ்வொன்றாய்க் குழிக்குள் திணித்துப் பார்த்தோம்.

அதற்கு முன்னால் ஒரு சடங்கு:
படிகத்தோடு ஒட்டி வந்த தண்ணீரை எல்லாம்
நீக்கிவிட வேண்டும்.
பாடத்தில் அப்படித்தான்.
எண்பத்து மூன்று துளிகள்,
ஒரே கட்டளை, ஒரு கண்சிமிட்டல்.

ஆளியாறு திறப்பார்களா மாட்டார்களா என்று
இரண்டு மாநிலம் கடிதம் எழுதிக்கொள்ளும் தாலுகாவில்
தண்ணீரை என்டர் தட்டி அழித்தவள் நான்.
வெளியே ஆறுச்சாமியின் டேங்கர் ஹாரன் கேட்டது அப்போதும்.
குடங்கள் ஓடின.

மதிப்பெண்கள் அள்ளிக்கொண்டு வந்தன.
முதல் மூன்றைக் கொச்சியில் செய்து
சோதனைக் குழாயில் விட்டார்கள்.
மூன்றும் சும்மா.
நஞ்சு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு ஒரு பெட்டி கட்டி, புரதத்தை அதில் முக்கி,
பன்னிரண்டாயிரம் தண்ணீரை ஊற்றி, ஓடவிட்டேன்.
நாளுக்கு நாற்பது நானோ நொடி.
பழைய கார்டு, அவ்வளவுதான் இழுக்கும்.
ஆறாம் நாள் இரவில்
நம் முதல் மதிப்பெண்காரன் எழுந்து
குழியை விட்டு வெளியே நடந்தான்.
அந்த இடத்தில் ஒரு துளி வந்து உட்கார்ந்தது.
சுற்றிலும் அத்தனையும் துள்ளித் திரிய
அது மட்டும் நகரவில்லை.
பழைய கோப்பைத் திறந்தேன்.
அதே இடம். எண் இருநூற்றுப் பதினான்கு.
நான் அழித்தது.

அதைத் தள்ளாமல்
அதன் கையைப் பிடித்துக்கொள்ளும்படி
மூலக்கூறின் ஒரு முனையை மாற்றி வரைந்தோம்.
முந்நூறு நானோ நொடியாய் உட்கார்ந்திருக்கிறது.
மருந்து என்று சொல்லாதீர்கள்.
ஓர் எலிகூட இன்னும் அதைப் பார்க்கவில்லை.

கடலைக்காட்டில் கடி வாங்கி
எட்டு டயாலிசிஸ் தாண்டி வந்த சவரியம்மாளிடம்
பஸ்ஸில் ஒருநாள் வாய்விட்டுவிட்டேன்.
"எப்ப வரும் கண்ணு?"
"பத்து வருசம் ஆகும்ங்க."
விரலை மடக்கிப் பார்த்தார்.
"அதுக்குள்ள இருவது தடவ கடலை புடுங்கீருவமே"
என்றார், கோபமில்லாமல்,
இறங்கும்போது பூட்ஸ் காலைக் காட்டினார்.
புதுசு.

விரும்பத்தக்க தகுதிகளில் சேர்த்தேன்:
அழிக்கும் முன் எண்ணிப் பார்ப்பவர்.
மேடம் நீக்கிவிடுவார். நீக்கட்டும்.
உள்ளூர்க்காரர் என்று போட முடியாது, சட்டம் இடிக்கும்.
நேர்காணலுக்குப் பயணப்படி கிடையாது.
கடைசித் தேதி, பிப்ரவரி இருபது.

மின்சாரம் போனது.
கஞ்சிக்கோட்டில் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்,
என் திரையில்தான் இருட்டு.
நாலு மணிக்குக் குழாயில் வரும் என்றார்கள்.
அலாரம் வைத்துவிட்டுப்
பக்கெட்டை நேராக அடியில் தள்ளினேன்.